இருப்புப் பட்டியல்

புதன்கிழமைக்குள் சாமான் கணக்கு வேண்டும் என்று
இன்ஸ்பெக்டர் போனில் சொன்னார்.
தென்னவெளி புறக்காவல் நிலையம்,
வெட்டாற்றங்கரை, மூன்று அறை, ஒரு வேப்பமரம்,
பதினேழு கிலோமீட்டர் தள்ளிக்
கூட்டுரோடு ஸ்டேஷனோடு சேர்கிறது.
ஆள் பற்றாக்குறை என்று உத்தரவில் இருந்தது.
இருந்த ஆள் நான்தான். மற்ற இருவரும்
தேர் பந்தோபஸ்துக்குப் போனவர்கள்
அங்கேயே நின்றுவிட்டார்கள்.

கார்பன் தாள் வைத்து எழுதினேன்.
லத்தி நான்கு. ஒன்றில் விரிசல்.
விலங்கு ஒரு ஜோடி, சாவி இல்லை.
மணலோடு பிடிபட்ட மாட்டுவண்டி ஒன்று:
மாடுகள் அன்றைக்கே ஜாமீனில் வீட்டுக்குப் போயின,
வண்டிக்கு ஆறு வருஷமாக வாய்தா.
நுகத்தடியில் கோவைக்கொடி ஏறிக் காய்த்திருந்தது.
கொடியை எழுதவில்லை.
செம்புக்கம்பி உருவிய மோட்டார், ஐந்து குதிரைசக்தி, மூன்று.
கோர்ட் உத்தரவு வரும்வரை
யார் வயலுக்கும் அவை இறைக்கப்போவதில்லை.

பின்னறை. பத்துக்கு எட்டு. ஜன்னல் ஒன்று, உயரத்தில்.
இங்கேதான் ரீகனை அடித்தார்கள்,
மாரியம்மன் உண்டியல் உடைந்த வருஷம்.
அடித்தார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம்;
கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்.
உடைத்தவன் வேறு ஆள் என்று மூன்றாம் நாள் தெரிந்தது.
வேன் வந்த அன்று அவன் அம்மா அமலோற்பவம்
நடவுக்குப் போகிற வழியில் நின்றாள்,
தூக்குவாளியோடு.
ஒன்றும் சொல்லவில்லை.
கடைசி நாற்காலி ஏறுகிற வரைக்கும் பார்த்துவிட்டுப் போனாள்.

மரபெஞ்சு ஒன்று.
செங்கமலம் உட்காருகிற பெஞ்சு.
புருஷன் நெல் லாரி ஏற்றிக் கூலி வாங்கிய இரவுகளில்
பதினொன்றுக்கு மேல் வருவாள்.
புகார் எழுதட்டுமா என்றால்,
வேண்டாம் சார், இங்க வெளிச்சமா இருக்கு,
செத்த உக்காந்துட்டுப் போறேன்.
நாலு மணிக்கு எழுந்து போய்விடுவாள்,
வாசல் தெளிக்க.
ஒன்பது வருஷத்தில் எந்தப் பதிவேட்டிலும் அவள் பெயரில்லை.
குற்றங்கள் குறைந்த பகுதி:
மூடுவதற்குச் சொன்ன காரணங்களில் அதுவும் ஒன்று.

‘கால் ஆட்டம். கழிக்கப்பட்டது’ என்று எழுதி
பெஞ்சை வராந்தாவிலேயே விட்டேன்.
புது ஸ்டேஷன் நம்பரைக் கதவில் ஒட்டினேன்.
பசை போதவில்லை. டிபன் பாக்ஸில் மிச்சமிருந்த
சோற்றைத் தேய்த்து ஒட்டினேன்.

ஐப்பசி. கூட்டுரோடு.
ராத்திரி ஒன்று நாற்பதுக்கு மணி அடித்தது.
பேச்சில்லை.
மழை, வாய்க்கால் தவளைகள்,
பிறகு அந்தச் சத்தம்:
ஆடுகிற கால் சிமெண்ட் தரையைத் தட்டுவது.
அங்கே கரண்ட் பிடுங்கி ஒரு மாசம்.

பெயர் சொல்லுங்க என்றேன், தெரிந்துகொண்டே.
விதி அப்படி.
கால் இன்னொரு தடவை தட்டியது.
“இருட்டா இருக்கு சார்.”

அவள் கொடுத்த முதல் புகார்.
நாட்குறிப்பில் நேரம் போட்டு
அவள் சொன்ன சொல்லிலேயே எழுதினேன்.
ஜீப், மந்திரி வருகைக்காக பைபாஸில் நின்றது.
என் வண்டியில் பெட்ரோல் இருந்தது.
பாரா மாற்ற ஆளில்லை.
ரிசீவரை மேஜைமேல் மல்லாக்க வைத்தேன்,
மழை கேட்கிற மாதிரி,
சாவியைத் தேடத் தொடங்கினேன்.