ஐந்து சதவீதம்

மூன்றாம் கவுண்டரில் எடை போடுகிறவள் நான்.
தூத்துக்குடிக்குப் போகும் மாத்திரை டப்பா,
ஓசூருக்கு ஒரு ஜோடி ஷூ.
ஐம்பது கிராம் கூடினால் அடுத்த ரேட்டு, சார், என்பேன்.
ஒருவர் மட்டும் முணுமுணுத்தார்:
மிஷினே தப்பு.

கீழ்ப்பாக்கம் கிளினிக்கில்
செருப்பைக் கழற்றி
கைப்பையை ஜெயபாலனிடம் கொடுத்து
வளையலையும் கழற்றலாமா என்று யோசித்து
ஏறி நின்றேன்.
"அமிர்தவல்லி, எண்பத்தேழு நானூறு."
நர்ஸின் குரல் வாசல்வரை போனது.
மிஷினே தப்பு
என் வாய்வரைக்கும் வந்தது.

பூசினாப்போல இருக்கிறாள் என்று
மாமியார் தட்டு மாற்றியது இதே உடம்பைப் பார்த்துத்தான்.
ஏழு வருஷத்தில்
பூச்சு சுவராகிவிட்டதாம்.

டாக்டர் திட்டவில்லை.
அதற்கே அழுகை வந்தது.
"முதல்ல அஞ்சு சதவீதம் குறைங்க.
முட்டை தானா வர ஆரம்பிக்கலாம்."
ஆரம்பிக்கும் என்று சொல்லவில்லை.
நாளைக்குச் சேரும், நாளைக்குச் சேரலாம்:
தபால்காரிக்குத் தெரியும் வித்தியாசம்.

நாலு கிலோ முன்னூற்று எழுபது.
நல்ல கனத்த பிள்ளை ஒன்றின் எடை.
ஸ்பீட் போஸ்டில் எவ்வளவு ஆகும் என்றும்
கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

பூங்காவில் பார்க்கிறார்கள் என்று மொட்டைமாடியில் நடந்தேன்,
சின்டெக்ஸ் தொட்டிக்கும் டிஷ்ஷுக்கும் நடுவே.
ராத்திரிக்கு ஒரு கரண்டி சோறு, மீதி சுரைக்காய்.
மூன்று வாரம் ஜெயபாலனும் நடந்தான்.
அவனுடைய ரிப்போர்ட்
இன்னும் வாங்கப்படாமல் லேபிலேயே இருக்கிறது.

இருபத்தொன்பது சி பஸ்ஸில் ஒருநாள்
ஸ்கூல் யூனிஃபார்மில் ஒருத்தி
என் வயிற்றைப் பார்த்து எழுந்தாள்.
"உக்காருங்கக்கா."
இல்லை என்று சொல்லியிருக்கலாம்.
உட்கார்ந்தேன்.
வயிற்றின்மேல் கையும் வைத்துக்கொண்டேன்,
நாலு ஸ்டாப்.

ஐந்தாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, பதினோரு மணி.
மாத்திரை போடாமல்
அதுவாகவே வந்தது.
வந்தாலும் அழுதிருக்கிறேன் இத்தனை வருஷம்,
வராவிட்டாலும்.
ஆபீஸ் கழிப்பறையில் குழாய் சொட்டிக்கொண்டிருக்க
உள்ளங்கையில் தேதி எழுதிக்கொண்டேன்.

பக்கத்து சீட் ரெஜினா நிமிர்ந்தாள்:
என்னடி சிரிப்பு, விசேஷமா?

ஆமா என்றேன்.

அதற்குள் யாரோ தட்டில் ஒரு பெட்டியை வைத்துவிட்டார்.
எண்கள் ஏறி, இறங்கி,
நிற்கட்டும் என்று காத்திருந்தேன்.