இரண்டு, இடைவெளி, ஒன்று

தண்ணீரில் கண்டம், அது கழிந்துவிட்டது என்றார் தரகர்,
ஏதோ சம்பள உயர்வு மாதிரி.
கல்யாணமான மூன்றாம் நாள் பார்க்கிறேன்,
மேசைவிரிப்பில் தண்ணீர் தெளித்து
அதன்மேல் தட்டு வைக்கிறார் கலியவரதன்.
"அப்பதான் வழுக்காது."
முதுநகரில் எங்கள் வீடு செங்கல்லில் கட்டியது.
அது எங்கும் போகாது.

யாருக்கும் பாதி டம்ளருக்குமேல் ஊற்றமாட்டார்.
வந்தவர்கள் என்னைத்தான் கருமி என்றார்கள்.
மேசை விளிம்பில் ஓரங்குலக் கட்டை அடித்தார்;
சப்பாத்தி தேய்க்கும்போதெல்லாம்
இருபது வருஷமாக மணிக்கட்டில் இடிக்கிறது.

கப்பல் போன கதையை அவர் சொன்னதில்லை.
டிரங்குப் பெட்டியில் விசாரணைக் காகிதம் இருந்தது:

மணி அடித்தபோது என்ன செய்துகொண்டிருந்தீர்?
கேப்டனுக்கு முட்டை வேகவைத்துக்கொண்டிருந்தேன்.
பிறகு?
அடுப்பை அணைத்தேன்.
பிறகு?
கேபின் கதவுகளைத் தட்டினேன்.
எல்லாக் கதவையுமா?

இதற்குக் கீழே
ஒரு வரி வெறுமையாக இருக்கிறது.

மூழ்கிய தேதியோடு சம்பளம் நின்றது.
மிதந்த இரண்டு நாளுக்குக் கூலி கிடையாது.
இதை மட்டும் சிரித்துக்கொண்டே சொல்வார்,
மஞ்சக்குப்பம் மெஸ்ஸில் கூடப் பரிமாறுகிறவர்களிடம்.

அந்தக் கார்த்திகையில் உப்பனாறு தெருவுக்குள் வந்தது.
ராத்திரி இரண்டு மணி.
முதலில் அடுப்படிக்குப் போய் சிலிண்டரை மூடினார்.
பிறகு முழங்கால் தண்ணீரில் வீடு வீடாக:
இரண்டு தட்டல், ஓர் இடைவெளி, ஒரு தட்டல்.
அப்படித் தட்டினால் பயப்படமாட்டார்களாம்,
டீ வந்திருக்கிறது என்று எழுந்திருப்பார்களாம்.

பதினாலாவது வீடு தில்லைநாயகி டீச்சருடையது.
பூட்டியிருந்தது. தீபாவளிக்கே நெய்வேலி போயாச்சு.
அவருக்குத் தெரியும்,
பேப்பர்காரனை நிறுத்தச் சொன்னதே அவர்தான்.

இரண்டு, இடைவெளி, ஒன்று.
தண்ணீர் இடுப்புக்கு வந்தது.
இரண்டு, இடைவெளி, ஒன்று.
சிங்காரத்தோப்புப் பையன்கள் படகோடு வந்து
இழுத்துப் போட்டுக்கொண்டபோது
விரல் முட்டிகளில் தோல் இல்லை.

மஞ்சள் வைத்துக் கட்டினேன்.
உள்ளே யார் என்று நான் கேட்கவில்லை.

எட்டாம் நாள் டீச்சர் வந்து
பூட்டைத் திறக்காமல் நின்றுகொண்டிருந்தார்.
"கதவுல என்ன இது, ரத்தமா?"

உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்தேன்.
கொடுத்த பிறகுதான் கவனித்தேன்,
பாதி டம்ளர்.