காந்தத்துக்குத் தாடி

இரும்பை இரும்பு தின்கிற சத்தம்
மூன்று வாரமாய், இடது முன்சக்கரத்தில்.
குளச்சல் ஒர்க்‌ஷாப்பில்
என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து
"வண்டிக்கு ஆரு வந்திருக்கு?" என்றான்.
நான்தான் வந்திருந்தேன்.
"ரெண்டாயிரத்து நானூறு ஆவும்.
வீட்டுல ஆளு வந்த பெறவு கொண்டாருங்க."

வீட்டு ஆள் ரத்னகிரிக்கு மேற்கே
வலையோடு இருக்கிறார்.
பதினோரு நாளாய்த்
தொடர்பு எல்லைக்கு வெளியே.

பிரேக் பேடு அறுநூற்று எண்பது.
பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர்
பக்கத்து வீட்டு சூசையனிடம் இரவல்.
ஞாயிறு பூசை முடிந்து வந்து
சேலையை மாற்றி
அவருடைய பழைய சட்டையை மாட்டிக்கொண்டு
மணவாளக்குறிச்சி மண்ணில் உட்கார்ந்தேன்.

வண்டி தரையில் நிற்கும்போதே
வீல் நட்டை இளக்க வேண்டுமாம்.
தூக்கிவிட்டுத் திருகினேன்.
நட்டு அசையவில்லை, சக்கரம் சுற்றியது.
ஷாஜின் சிரித்தான். இறக்கினேன்.
இளக்கிவிட்டு மறுபடி தூக்க
ஜாக்கி மண்ணுக்குள் இறங்கியதே தவிர
வண்டி ஏறவில்லை.
மீன் அறுக்கிற அயினிப் பலகையை
அடியில் கொடுத்தேன்.
கழற்றிய சக்கரத்தை வண்டிக்குக் கீழே படுக்கவைத்தேன்,
விழுந்தால் அதன்மேல் விழட்டும் என்று.

கேலிப்பரின் கீழ் போல்ட்
சுண்டுவிரல் நீளம்தான்.
கையில் இருந்தது.
பிறகு இல்லை.

எங்கள் மண் கறுப்பு.
இதைச் சலித்தே இங்கே ஒரு கம்பெனி ஓடுகிறது.
உடைந்த ஸ்பீக்கரிலிருந்து பெயர்த்த காந்தத்தை
ஷாஜின் நூலில் கட்டிக் கொண்டுவந்தான்.
தரையைத் தொட்டதும்
அதற்குத் தாடி முளைத்தது.
மற்ற ஊர்களில் காந்தம் இரும்பை இழுக்கும்.
இங்கே ஊரையே இழுக்கிறது.
வழித்துப் போட்டோம், முளைத்தது.
வழித்துப் போட்டோம், முளைத்தது.
"அப்பா கடல்லேந்து வரும்போ
இப்படித்தான் இருக்கும்" என்றான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
வழித்துப் போட்டேன்.
ஒன்பதாவது தடவை
டிக் என்றது.

பழைய பேடு, காலையில் நாவில் வாங்கிய
அப்பத்தைவிட மெலிந்திருந்தது.
அப்படி நினைத்ததற்காகச் சிலுவை போட்டுக்கொண்டேன்
கிரீஸ் கையோடு.
மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து சூசையன்:
"என்னம்மா, விபூதிப் புதன்
இன்னும் கழியல்லியா?"

பிஸ்டனை உள்ளே தள்ளத்தான் நேரமாயிற்று.
தச்சனின் சி-கிளாம்ப் இல்லை.
பழைய பேடை முட்டுக்கொடுத்து
ஸ்பேனரின் பின்பக்கத்தால் நெம்பினேன்,
பைய, பைய,
அடம்பிடிக்கிற பிள்ளையின் வாய்க்குள்
மருந்துக் கரண்டி போகிற மாதிரி.

எல்லாம் முறுக்கி முடித்து
பெடலை மிதித்தேன்.
தரைவரை போயிற்று, காற்றை மிதித்ததுபோல்.
கூடவே என் வயிறும்.
இரண்டாம் மிதி பாதியில்.
மூன்றாவதில் எதிர்த்து நின்றது.
என்னை எதிர்த்த எதையும்
இவ்வளவு சந்தோஷமாய் நான் மிதித்ததில்லை.

முட்டம் இறக்கத்தில் விட்டுப் பார்த்தேன்.
ஷாஜினை மேலேயே இறக்கிவிட்டுத்தான்.
பாதி வழியில் குறுக்கே ஒரு ஐஸ் லாரி
திரும்புவதா வேண்டாமா என்று நின்றது.
நானும் நின்றேன்.
சத்தமில்லாமல் நின்றேன்.
லாரிக்காரன் என் நெற்றியையே பார்த்தான்.

அந்த அமைதியில் கேட்டது,
பின்னால் வலதுபக்கம்
சின்னதாய் ஒரு கிரீச்.
புதுசில்லை.
பெரியது பேசிக்கொண்டிருந்த வரைக்கும்
வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறது.

காந்தம் டாஷ்போர்டில் இருக்கிறது.
வழிக்க விடமாட்டேன் என்கிறான் ஷாஜின்.
சாயங்காலம் சூசையன் ஸ்பேனரைக் கேட்டார்.
அடுத்த ஞாயிறு
பூசை கழிஞ்சு தாரேன் என்றேன்.