பதினொரு காலைகள்

மென்பொருள் முகம் சுளிக்காமல் சொன்னது:
இந்த இரண்டு மாதிரிகளும்
ஒரே அளவுத் தரவில் பொருத்தப்படவில்லை.
சிவப்பில் ஒரே வரி.
தல்காவே துறையில் நாலாவது நாளாக
தகரக் கூரைமேல் மழை. அடுப்பில் ஈர விறகு.

முதல் மாதிரி ஏழை.
சிப்பியின் வளர்ச்சி, கடலின் வெப்பம்,
நடுவே ஒரு நேர்க்கோடு, அவ்வளவுதான் சொத்து.
இரண்டாவதற்கு உப்பும் தெரியும்.
கூடத் தெரிந்ததன் கோடு
புள்ளிகளை ஒட்டிப் போவதில் அதிசயமில்லை.
எதைச் சேர்த்தாலும்,
செவ்வாய்க்கிழமைகளைச் சேர்த்தாலும்கூட,
எச்சம் கொஞ்சம் குறையத்தான் செய்யும்.
குறைந்தது, கொடுத்த விலைக்குக் காணுமா?
அதைக் கேட்கத்தான் உட்கார்ந்தேன்,
மாறுபாட்டுப் பகுப்பாய்வு என்ற
பெரிய பெயர்கொண்ட சின்ன அட்டவணையிடம்.

நூற்று நாற்பது காலைகள்.
அவெலினோ நாவெல்கீன் துடுப்புப் போட்டுப் போய்
கயிற்றைத் தூக்கி, குறியிட்ட சிப்பியை அளந்து,
தொப்பிக்குள் மடித்துக் கொண்டுவந்த தாள்கள்.
பதினொன்றில் உப்புக் கட்டம் காலி.
மே மாதத்தில் உப்புமானி கைநழுவி
பதினெட்டு பாகம் ஆழத்தில் கிடந்தது.
சாண்டியாகோவிலிருந்து புதியது வரும்வரை
வெப்பமானியை மட்டும் கட்டி இறக்கினார்.
ஒருநாள் காற்று படகைப் புரட்டப் பார்த்ததாம்.
அன்றும் எழுதியிருக்கிறார்: 9.4
நான்கின் கால் மழையில் கரைந்து
தாளின் ஓரம்வரை நீண்டிருக்கிறது.

காலிக் கட்டம் கண்டால் பெரிய மாதிரி
அந்த வரிசையையே சத்தமில்லாமல் கீழே விட்டுவிடும்.
சிறியது விடாது.
ஒன்று நூற்று நாற்பதைப் பார்த்தது,
மற்றது நூற்று இருபத்தொன்பதை.
வேறு வேறு கடலில் ஓடிய படகுகளுக்குள்
எது முந்தியது என்று யார் சொல்ல?

சமமாக்க ஒரு வழி கைவசம் இருந்தது:
ஏழையிடம் போய்,
பணக்காரன் காணாத நாட்களை
நீயும் காணாதே என்பது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
அவர் கடலை அளந்தார்.
நான் அளந்ததைக் கடலில் போட்டேன்.

இப்போது சிவப்பு இல்லை.
எச்சங்களின் வர்க்கக் கூட்டல்: 412.6
உப்பு சேர்ந்தபின்: 401.1
ஒரு வரையற்ற பாகையைக் கொடுத்து
வாங்கியது பதினொன்றரை.
எஃப் 3.61. பி 0.06.
நட்சத்திரம் விழவில்லை.
எண்ணுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு புள்ளி,
சொல்ல வந்து நிறுத்திக்கொண்டவர் மாதிரி.

அவெலினோ பூட்ஸைக் கழற்றாமலே உள்ளே வந்தார்.
"உப்பு ஜெயிச்சுதா?"
"சொல்ல முடியல."
"என் பதினொரு நாளும் சேத்துப் பாத்தியா?"
எடுத்துவிட்டதைச் சொன்னேன்,
ஏன் என்பதை இரண்டு தரம் சொன்னேன்.

கோபப்படவில்லை. கையை அடுப்பில் காட்டினார்.
"அந்த நாள்ல ஆறு பெருகி உள்ள வந்துச்சு.
மானி விழுந்ததே அந்த இழுப்புலதான்.
தண்ணிய நாக்குல வெச்சுப் பாத்தேன்,
குடிச்சிருக்கலாம்.
சிப்பி ஒண்ணுகூட வாயத் தொறக்கல."

திரையில் புள்ளி அங்கேயே இருந்தது.
உப்பு போன நாட்களில்தான்
உப்பை அளக்க ஆளில்லாமல் போயிருக்கிறது.
நாக்கின் அளவை எந்தக் கட்டத்தில் இட?
ஒரு எண்ணை யூகித்து எழுதினால்
அட்டவணை உடனே நட்சத்திரம் காட்டும்,
எனக்குத் தெரியும். விரலுக்கும் தெரியும்.

எழுதவில்லை.
அறிக்கையின் அடியில், சின்ன எழுத்தில்:
காலியான பதினொன்றும் தற்செயலாகக் காலியானவை அல்ல.
அவெலினோவிடம் வாசித்துக் காட்டினேன்.
"நீளமா இருக்கு," என்றார்.
"மழைன்னு போடேன்."