எட்டாம் மாடி, இருபது தெத்ரி

எங்கள் கட்டடத்து லிஃப்ட் காசு கேட்கும்.
இருபது தெத்ரி நாணயம் விழுந்தால்தான்
முனகிக்கொண்டு மேலேறும்.
வீடு எட்டாம் மாடியில்.
சில்லறை இல்லாத இரவுகளில்
எட்டாத மாடி.

இயா வங்கியின் தொலைபேசிப் பிரிவில்
நாள் முழுக்க
முகம் தெரியாதவர்களின் கோபத்தைக் கேட்கிறாள்.
நான் மெட்ரோ சுரங்கப்பாதையில்
உடைந்த போன்களுக்குத் திரை மாற்றுகிறேன்.
இரவு ஒன்பதரைக்குச் சந்திக்கையில்
அவளுக்குப் பேச்சு தீர்ந்திருக்கும்,
எனக்குக் கண்.
மிச்சமிருப்பது மூக்கும் நாக்கும்.
ஆகவே சமைக்கிறோம்.

மே மாதம் திபிலிசிக்குப் பச்சைப் பிளம் வரும்.
சந்தை வாசலில் வாளி வாளியாக,
கோலிக்குண்டு அளவில்,
பார்த்தாலே பல் கூசும் பச்சை.
போன வருடம் ஒரு கிலோ வாங்கினோம்;
தெகெமாலி ஜூன் தாண்டவில்லை.
இந்த வருடம் இயா
"ஆறு" என்றாள்.
விற்றவனும் நானும்
ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.
பிறகு காட்டுப்புதினா தேடி
மூன்று வரிசை அலைந்தாள்.
கடைசிக் கட்டு.
கடைசிச் சில்லறையும் அதற்கே போயிற்று என்பது
லிஃப்டின் முன் நின்றபோதுதான் உறைத்தது.

ஆறு கிலோ. எட்டு மாடி.
மூன்றாவதில் பையின் காது அறுந்தது.
மணியடித்ததும் ஓடும் பள்ளிப் பிள்ளைகளாய்
காய்கள் படியிறங்கி ஓடின.
இரண்டாம் மாடியில் ஒரு கதவு திறந்தது,
ஒரு கை மட்டும் வெளியே வந்து
நான்கு காய்களை மிதியடியில் வைத்துவிட்டு
மூடிக்கொண்டது.
"ஐந்தாவது சுங்க வரி" என்றாள் இயா.
படியில் உட்கார்ந்து சிரித்தோம்,
ஏற இன்னும் ஐந்து மாடி இருந்தது.

வேகவைத்தோம்.
சல்லடையில் தேய்த்துக் கொட்டை பிரித்தோம்.
கொத்தமல்லி, சதகுப்பை, மிளகாய், உப்பு.
பூண்டில் தகராறு.
அடுப்பை அணைத்தபின் போடுவது என் வழக்கம்,
கொதிக்கும்போதே என்பாள் அவள்.
பூண்டில் தொடங்கிய பேச்சு
ஏப்ரலில் வராத என் சம்பளத்தைத் தொட்டு
வாடகையில் போய் நின்றது.
குழம்பு அடிப்பிடிக்கும் வாசனை வந்து
இருவரும் ஒரே கரண்டியைப் பிடித்தோம்.
பூண்டை யார் எப்போது போட்டார்கள் என்று
இன்றுவரை தெரியாது.

மறுநாள் ஞாயிறு.
பிளம் கறை படிந்த சிவப்பு மேசைவிரிப்பை
பால்கனியில் காயப்போட்டுவிட்டு
மலை ரயிலில் மேலே போனோம்.
உச்சியில் ராட்டினம் எங்களைத் தூக்கி
நகரத்தின் முன் பிடித்தது.
"சிவப்பைத் தேடு, லேவான்" என்றாள்.
தேடினேன்.
ஊரில் பாதிப்பேர் சிவப்பைத்தான் துவைத்திருந்தார்கள்.
ஆற்றுக்கு அப்பால் ஒன்றை நான் காட்டினேன்.
தொலைக்காட்சிக் கோபுரத்தின் பக்கம்
இன்னொன்றை அவள்.
இரண்டும் எங்களுடையது அல்ல.
பெட்டி இறங்கத் தொடங்கியது.
அவள் காட்டிய வீட்டுக்கு வாடகை குறைவாக இருக்கும்
என்று பேசிக்கொண்டோம்,
அங்கே சமையலறை ஜன்னல் கிழக்கு பார்த்தது என்றும்.

இப்போது ஜனவரி.
அக்டோபரில் தோலுரித்துக் கட்டிய சீமைப்பனிச்சைப் பழங்கள்
பால்கனிக் கயிற்றில்
சுருங்கிச் சர்க்கரை பூத்திருக்கின்றன.
கேஸ் கட்டணச் சீட்டைப் பார்த்துவிட்டு
ஒரே அறையை மட்டும் சூடாக்குகிறோம்.
அந்த அறை அடுப்பங்கரை.
உருளைக்கிழங்கு பொரிகிறது.
கடைசிப் புட்டியின் மூடி திறக்க மறுக்கிறது.
அவள் வெந்நீர் காட்டினாள், நான் துணி சுற்றித் திருகினேன்.
டப்பென்ற சத்தம்.
பனி பெய்யும் ஊரில் மே மாதத்துப் புளிப்பு.
இயா விரலால் தொட்டு நக்கி
கண்ணை இறுக்கி மூடினாள்.
"பூண்டு சரியாக இருக்கிறது."
யாருக்குச் சொன்னாள் என்று கேட்கவில்லை.

காலிப் புட்டியைக் கழுவி
கதவருகே வைத்திருக்கிறோம்,
லிஃப்டுக்கு நாணயம் சேர்க்க.
ஒரு வாரத்தில் பதினொன்று சேர்ந்தது.
நேற்று பார்த்தேன், இரண்டு.
மேசைமேல் ஈரம் சொட்டும் கொத்தமல்லிக் கட்டு.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
இன்று மாலை ஏழாம் மாடிப் படியில்
மூச்சு வாங்க நின்றபோது
அவளும் ஒன்றும் சொல்லவில்லை,
என் தோளிலிருந்து பையை மட்டும்
மாற்றிக்கொண்டாள்.