செவ்வாய்க்கிழமை விடுப்பு

காய்ச்சல் வந்ததால்தான் பார்த்தேன்
பகல் பதினொரு மணிக்கு எங்கள் தெருவை.

கழனிவாசலுக்கு அப்பால்
பொட்டலில் எழும்பிய நாற்பது வீடுகள்.
பாதிப் பேர் திருச்சி ரயிலுக்கு,
மீதிப் பேர் சிவகங்கை பஸ்ஸுக்கு.
எதிர்வீட்டு வாசல் பல்பு
வெயிலுக்குள் எரிந்துகொண்டிருக்கிறது.
எங்கோ ஒரு தொட்டி நிரம்பி
மாடியிலிருந்து கொட்டுகிறது,
மோட்டாரை நிறுத்த ஆளில்லை.
நடுரோட்டில் ஒரு நாய்
பட்டா வாங்கியதுபோல் படுத்திருக்கிறது.

அழைப்புமணி. கூரியர் பையன்.
"எதிர்வீட்ல யாருமில்லக்கா.
உமையாள்னு போட்டிருக்கு. தெரியுமா?"

தெரியுமாவா!
மூன்றாவது பெட்டியில்
கைக்குட்டை போட்டு எனக்கு இடம்பிடிப்பவள்.
திருமயம் தாண்டியதும்
பொடி தோய்த்த இட்லியில் எனக்கு இரண்டு.
அவள் சர்க்கரை அளவு,
சீட்டுப் பணம் போன கதை,
மாமியாரிடம் சொல்லாமல் விட்ட பதில்கள்
எல்லாம் தெரியும்.
அந்த கேட்டுக்குள் மட்டும்
ஒருநாளும் போனதில்லை.
திரும்பி வந்து
ஸ்டேஷனில் ஸ்கூட்டரை எடுத்ததும்
ஆளுக்கொரு ஹெல்மெட்டுக்குள்
போய்விடுவோம்.

கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்தேன்.

இரவு எட்டேகாலுக்கு
பார்சலோடு தெருவைக் கடந்தேன்.
பதினாறு அடி.
கதவு பாதி திறந்தது.
நைட்டியில் நின்றவள் யாரோபோல் இருந்தாள்;
நானும் அப்படித்தான் இருந்திருப்பேன்.
"காய்ச்சல் எப்படி?"
"பரவாயில்ல."
உள்ளே குக்கர் கத்தியது.

"நாளைக்கு வருவேல்ல?
இடம் போட்டு வைக்கிறேன்.
வண்டியில பேசுவோம்."

பகலெல்லாம் பல்பு எரிந்ததைச்
சொல்ல மறந்துவிட்டேன்.