கடைசியாகப் படிக்கப்படும் கோப்பு

வின்னிபெக்கில் இரவு பதினொன்றரை.
தெருவெங்கும் கார்களுக்கு வயர் செருகி
உறங்க வைத்திருக்கிறார்கள்.
நான் ஒற்றைக் கோப்பைத் திறந்துகொண்டு
இரண்டாயிரத்து நூற்றுப் பதினேழு வரிகளுக்கு முன்
சம்மணமிட்டிருக்கிறேன்.

பள்ளிப் பேருந்து எப்போது கிளம்பும்,
எந்தக் குளிரில் கிளம்பாது,
யார் வீட்டுக்குக் குறுஞ்செய்தி போகும்
எல்லாம் இதற்குள்தான்.
தரவுத்தளத்தின் கடவுச்சொல்லும்
நேர வலயமும்
பிரெஞ்சு வாசகங்கள் இருக்கும் ஃபோல்டரின் பாதையும்
மேசை இழுப்பறையில் கிடக்கிற
சாவி, சில்லறை, காலாவதியான மாத்திரை மாதிரி.

எழுதியவர்கள் போய்விட்டார்கள்.
டெரில் கால்கரிக்கு.
ஹலினா ஓய்வுக்கு.
மூன்றாமவன் பெயர்கூட இல்லை.
'தற்காலிகம்' என்று ஒரு குறிப்பு மட்டும்,
ஒன்பது வருஷமாக.

முதலில் ரகசியங்களைப் பிரித்தெடுத்தேன்.
அவற்றை எழுதியே வைக்கக் கூடாது,
சர்வரின் காதில் மட்டும் சொல்ல வேண்டும்.
பொதுவானவை ஒரு கோப்பில்.
என் மடிக்கணினிக்கு ஒன்று,
ஒத்திகைக்கு ஒன்று,
நிஜத்துக்கு ஒன்று.
மூன்றில் நிஜத்துக்கானதே சின்னது.
தன் பிழைகளை
ஊருக்குக் காட்டாதே என்பதைத் தவிர
அதனிடம் சொல்ல அதிகமில்லை.

இந்தச் சட்டகத்தில் விதி ஒன்றே:
ஒரே பெயரில் இரண்டு இருந்தால்
கடைசியாகப் படிக்கப்படுவதே செல்லும்.
எங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று
சிரித்துக்கொண்டேன்.
மாடியில் தூங்குகிறவருக்குக் கேட்டிருக்காது.

அப்புறம் சிரிக்க முடியவில்லை.
மைனஸ் நாற்பதில் பேருந்தை நிறுத்து என்கிறது ஒரு வரி.
எண்ணூறு வரி தள்ளி, அதே பெயரில்,
மைனஸ் நாற்பத்தைந்து.
அந்த ஐந்து பாகைக்கு நடுவே
ஒன்பது குளிர்காலம்
பிள்ளைகள் நின்றிருக்கிறார்கள்.

ஆயிரத்து அறுநூற்று நாற்பதாவது வரியில்
நிறுத்தம் 212 என்ற பெயர். எதிரே 4.
நான்கு என்ன? நான்கு யார்?
தேடினேன். நிரலில் எங்கும்
அந்தப் பெயரை யாரும் கூப்பிடவில்லை.
செத்த வரி என்று அழித்தேன்.
சோதனைகள் எல்லாம் பச்சை.
அவ்வளவு பச்சையைப் பார்த்ததும்தான்
சந்தேகம் வந்தது.

வரலாற்றைப் புரட்டினேன்.
ஹலினா. ஒரு பிப்ரவரி. விடிகாலை ஐந்து நாற்பது.
'ரீஜென்ட் அவென்யூ முனை.
அந்தப் பையனால் ஓட முடியாது.
நான்கு நிமிடம் நிற்கட்டும்.'

பிறகு கண்டுபிடித்தேன்:
ஏதோ ஒரு மூலையில்
'நிறுத்தம்' என்ற சொல்லோடு எண்ணை ஒட்டி
ஓடும்போதுதான் அந்தப் பெயரையே உண்டாக்குகிறார்கள்.
தேடினால் எப்படிக் கிடைக்கும்.

பையனுக்கு இப்போது மீசை முளைத்திருக்கும்.
வேறு ஊரில், வேறு வண்டிக்கு
நொண்டியபடி போய்க்கொண்டிருக்கலாம்.
அழித்ததைத் திரும்ப எழுதினேன்.
எங்கே வைப்பது?
ரகசியமில்லை. பொதுவுமில்லை.
என் மடிக்கணினியில்
பேருந்துக்கு யாரும் காத்திருக்கவில்லை.
புதிதாக ஒரு கோப்பு தொடங்கினேன்,
விதிவிலக்குகள் என்று.
உள்ளே ஒரே வரி. அதன் தலையில்
ஹலினாவின் மூன்று வாக்கியம்.
4-க்குக் 'காத்திருப்பு நிமிடம்' என்று பெயர் வைத்தேன்.

நாற்பதா நாற்பத்தைந்தா என்று
ழோஸ்லினுக்கு எழுதினேன்.
அவள் தூங்கியிருப்பாள், பதில் இல்லை.
ஜன்னல் ஓரத்தில் உள்பக்கமாகவே உறைபனி.
நாளைக் காலை மைனஸ் நாற்பத்திரண்டு என்கிறது முன்னறிவிப்பு,
சரியாக இரண்டுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டு.

நான் யார் தீர்மானிக்க.
ஒத்திகைக்கு மட்டும் அனுப்பிவிட்டு
நிஜத்தைத் தொடாமல் மூடினேன்.
காலையில் பழைய கோப்பே ஆளும்.
பேருந்து ஓடும்.
ரீஜென்ட் முனையில், எஞ்சின் உறும,
நான்கு நிமிடம்
யாருக்கென்று தெரியாமல் நிற்கும்.